நாற்பத்தோராம் துண்டு

ஜூன் 2

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலிங் கொடுக்கும் அம்மா, மனதில் இருப்பதைத் தினமும் எழுதச் சொன்னார். "ரெண்டு வரியாச்சும் எழுதுங்க. இருபத்தேழாம் தேதி ஜட்ஜ் முன்னால நிக்கறப்ப தெளிவா இருக்கும்" என்றார். எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. பூபதியும் நானும் டிசம்பரிலேயே பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு முதல் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். சட்டம் ஆறு மாதம் ஆறப்போடச் சொல்கிறது, ஆறிவிட்டது. இருபத்தேழாம் தேதி போய் இன்னொரு முறை சம்மதம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆகவே மனதில் இருப்பது வேலைதான். அதையே எழுதுகிறேன்.

இன்று காலை எங்கள் மேனேஜர் மெர்சி மேடம் கூப்பிட்டார். நாங்கள் மற்ற கம்பெனிகளின் ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைத்துக்கொடுக்கும் நிறுவனம். வாடிக்கையாளர்கள் தங்கள் ஃபைல்களை எங்களிடமிருந்து இறக்கிக்கொள்ள லைப்ரரி என்கிற ஒரு புரோகிராம் கொடுத்திருக்கிறோம். அது மெதுவாக இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. வேகமான ஒன்றைச் சோதனை முயற்சியாகச் செய்து இருபத்து நான்காம் தேதி டெமோ காட்ட வேண்டும்.

"ரெண்டே பேர்தான். நீயும் பூபதியும்" என்றார் மேடம். "புருஷன் பொண்டாட்டிங்கறதால மீட்டிங்கே தேவையில்லை. வீட்லயே பேசி முடிச்சுருவீங்க."

பூபதி ஒன்றரை வருடத்துக்கு முன்பே ஊரின் இன்னொரு கோடியில், கணபதியில், வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் அவர் நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி. ஷிஃப்ட் நேரம் வேறு என்று சொல்லிச் சமாளித்துவந்தோம். நான் மேடத்திடம் சரி என்றேன்.

ஜூன் 3

இன்று குழாயில் சிறுவாணித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு டிரம், நான்கு குடம், குளியலறைத் தொட்டி. அதனால் ஆபீஸுக்கு லேட்.

வேலை என்னவென்று கவுன்சிலர் அம்மாவுக்குப் புரியும்படி எழுதுகிறேன், ஒருவேளை படித்தால். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பிலிருந்து பாயசம் வரை பரிமாறினால் முதல் இலைக்காரர் கை கழுவும்போதுதான் கடைசி இலைக்குச் சாம்பார் வரும். எங்கள் பழைய லைப்ரரி அந்த ஒற்றை ஆள். பெரிய ஃபைலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வரிசையாகக் கொண்டுவரும். புதியது ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் சர்வரிடம் கேட்கும். கேட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நிற்காது. மாவு மில்லில் டப்பாவை வைத்துவிட்டுக் காய் வாங்கப் போகிற மாதிரி, வேறு வேலையைப் பார்க்கும். எந்தத் துண்டு முதலில் வந்தாலும் அதன் இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். சர்வரிடம் கேட்டுத் துண்டுகளை வாங்கி வருவது பூபதி. வந்ததை டிஸ்கில் அதனதன் இடத்தில் எழுதுவது நான். பிரித்துக்கொண்டது பேச்சில் அல்ல, சாட்டில். மொத்தம் மூன்று வரி.

ஜூன் 5

என் பகுதி பாதி முடிந்தது. முதலில் ஃபைலின் முழு அளவுக்கும் காலி இடம் போட்டு வைத்துவிடுகிறேன். துண்டு வர வர உள்ளே நிரப்புவேன். காலி மனையைச் சுற்றி முதலில் காம்பவுண்ட் கட்டுவது போல.

பூபதி என் புரோகிராமைப் படித்து இரண்டு இடத்தில் கருத்து எழுதினார். இரண்டும் நியாயமானவை. திருத்திவிட்டேன். நான் அவருடையதில் ஒரு இடத்தில் எழுதினேன். "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் "நல்ல கேள்வி" இது.

ஜூன் 6

காஸ் புக் பண்ணினேன்.

ஜூன் 9

முதல் ஓட்டம். எட்டுத் துண்டு ஒரே நேரத்தில். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். ஓட்டத்தைப் பார்க்கப் பூபதி கீழே என் மேசைக்கு வந்திருந்தார்; மெர்சி மேடமும் அங்கேயே வந்து கை தட்டினார்.

பிறகு ஒரு செய்தி சொன்னார். டப்ளின் அலுவலகத்தில் இந்த லைப்ரரிக்கென்று ஒரு தலைமைப் பதவி வரப்போகிறதாம். புனே டீமும் இதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. டெமோவில் பழையதைவிட நான்கு மடங்கு வேகம் காட்டுகிற டீமிலிருந்து ஒருவர் போவார். எங்கள் பக்கத்திலிருந்து பூபதி பெயரைக் கொடுத்திருக்கிறாராம்.

"குடும்பத்தோட போகலாம். வடிவு, உனக்கும் அங்கயே ஏதாச்சும் பார்த்துக்கலாம்" என்றார்.

பூபதி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அதில் ஒன்றும் ஓடவில்லை.

ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போய்விட்டது. டப்ளின் செய்தி அவருக்கு முன்னமே தெரிந்திருக்கும் போல. மனுஷனுக்கு ஆசை வந்தால் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிடுகிறது.

நல்லதுதான். அவர் அங்கே போய்விட்டால் லிஃப்டில் எதிர்ப்படும் தொல்லை இருக்காது.

ஜூன் 11

ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு துண்டு. நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது.

வந்து சேர்ந்த துண்டு சேதமில்லாமல் வந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் பகுதியை நான் எழுதி வைத்திருந்தேன். அதைச் சேர்த்தால் வேகம் குறைகிறது. பூபதி கேட்டிருந்தார்: "இதை டெமோவுக்குப் பிறகு சேர்க்கலாமா? இப்போதைக்கு ஃபைலின் மொத்த அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதா?"

எனக்கு ஒப்பவில்லை. "சரி" என்று பதில் போட்டேன்.

ஜூன் 14

கோபியில் அண்ணன் வீடு. அப்பா போய் இரண்டு வருடம். படையல் போட்டார்கள். வாழை இலையில் அப்பாவுக்குப் பிடித்த வெல்லப் பலகாரம், கச்சாயம். அண்ணனுக்கு மட்டும் விவரம் தெரியும். மற்றவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை, தீர்ப்பு வந்தபிறகு ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று.

சின்னத்தை கேட்டார்கள். "ஏங்கண்ணு, மாப்ள வரலியா? போன வருசமும் காணமே."

"ஆபீஸ்ல டெமோ இருக்குதுங்கத்தை."

"அன்னைக்கு மாமனாரு ஆஸ்பத்திரில கெடக்கறப்பவும் அந்தப் பையனுக்கு ஆபீசுதானாமா. பொழப்புன்னா அப்படித்தான் போ."

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். அப்பாவை ஐசியூவில் வைத்திருந்தபோது மத்தியானம் பூபதி போன் செய்தார். ரிலீஸ் நாள். "நான் இங்க முடிச்சுட்டு சாயங்காலம் வந்தாப் பரவால்லயா? சமாளிச்சுக்குவியா?" என்றார். நான் "சரி" என்றேன். அவர் ரிலீஸை முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். அப்பா மூன்றரை மணிக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து, "நான் கொஞ்ச நாள் தனியா இருக்கறேன்" என்றார். அதற்கும் அதே பதில்தான் சொன்னேன்.

சின்னத்தை கச்சாயத்தைத் தூக்கு நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒருத்தி எத்தனை தின்பேன்.

ஜூன் 16

வக்கீல் காஞ்சனா போன். இருபத்தேழாம் தேதி பத்தரைக்கெல்லாம் கோர்ட்டில் இருக்க வேண்டுமாம். "ஜட்ஜம்மா கேட்டா, சம்மதம், யாரும் வற்புறுத்தலைன்னு மட்டும் சொல்லுங்க மேடம். வேற எதுவும் எக்ஸ்ட்ரா பேசாதீங்க."

அதில் எனக்குப் பழக்கம் உண்டு என்றேன். சிரித்தார்.

ஜூன் 18

டெமோ பார்க்க வருகிற வாடிக்கையாளர், ஸ்கேன் மையங்களின் படங்களைச் சேமித்துவைக்கும் ஒரு நிறுவனம். ஆள் பெயர் நீக்கிய மாதிரிப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். சுருக்கப்படாத பெரிய ஃபைல்கள். இன்று ஒன்றை இறக்கினோம். நான்கு மடங்கு வேகம். நூறு சதவீதம். பச்சை டிக். அளவு சரி. பூபதி சாப்பிடப் போனார்.

சும்மா படத்தைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒருவரின் முதுகெலும்பு. மூன்றாவது எலும்புக்கும் நான்காவது எலும்புக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல்.

மூலப் படத்தில் அது இல்லை.

தேடிப் பார்த்ததில் நாற்பத்தோராம் துண்டு வந்து சேரவே இல்லை. ஒரே நேரத்தில் இத்தனை துண்டுகளைக் கேட்டால் சர்வர் சிலவற்றைத் தராமல் கைவிரித்துவிடும். பூபதியின் புரோகிராம் மூன்று முறை திரும்பக் கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பை எழுதி ஓரமாக வைத்துவிடுகிறது. அதை நான் எடுத்துப் பார்ப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். துண்டு கிடைக்காவிட்டால் அவரே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்று நான் நினைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் முன்கூட்டியே போட்டுவைத்த காலி இடம் காலியாகவே இருந்துவிட்டது. காம்பவுண்ட் இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, உள்ளே வீடு இல்லை.

ஒரு வார்த்தை பேசியிருந்தால் வந்திருக்காத தப்பு. சேர்ந்து வேலை செய்யும் வேறு எந்த இரண்டு பேரும் பேசியிருப்பார்கள்.

பூபதி சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் படத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 19

லீவு போட்டேன். ஃபிரிட்ஜைக் கழுவினேன். கச்சாயத்தில் பூஞ்சை. கொட்டிவிட்டேன்.

நிலவரம் இதுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் டெமோ நான்கு மடங்கு வேகத்தில் முடியும். அவர்கள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கமாட்டார்கள். பத்தில் ஒன்றில்தான் ஓட்டை விழுகிறது. பூபதி டப்ளின் போய்விடுவார். ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். சொன்னால் சரிபார்ப்பைச் சேர்க்க வேண்டும், ஒரே நேரத்தில் கேட்கும் துண்டுகளைக் குறைக்க வேண்டும். வேகம் போய்விடும். டப்ளினும் போய்விடும். பூபதி இங்கேயே இருப்பார், நான்காம் மாடியில்.

சொல்லத்தான் போகிறேன். யாரோ ஒரு டாக்டர் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்து எதையாவது முடிவு செய்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. சொல்வது சரி என்று தெரிந்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் லீவு.

ஜூன் 20

சாரல். ஆபீஸுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்குப் பூபதியைக் கூப்பிட்டேன். ஒன்றரை வருடத்தில் முதல் முறை. அவர் பயந்துபோய் வந்தார். கோர்ட் விஷயம் என்று நினைத்திருப்பார்.

லேப்டாப்பைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். பூபதி நல்ல எஞ்சினியர், விளக்கவேண்டியதே இல்லை. இரண்டு நிமிடம் பார்த்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"எந்தத் துண்டு?"

"நாப்பத்தொண்ணு."

"ஃபெயில் ஆனதை நீ பாப்பேன்னு நெனச்சேன்."

"நீங்களே நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன்."

"செக் பண்றது இப்ப வேண்டாம்னு நான்தான சொன்னேன்" என்றார். பிறகு, "நீயும் சரின்னயே வடிவு. வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லியிருக்கலாமில்ல."

"தோணுச்சு."

"அப்பறம்?"

"சொல்லலை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது கோபமில்லை. கணக்கில் விடுபட்ட ஒன்று கிடைத்தவர் பார்க்கிற பார்வை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிலயும் அப்படித்தானா?"

ஆமாம் என்றேன். உடனே கிளம்பி வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வேறு சொல் வந்துவிட்டது என்றேன். அப்பா மூச்சுக்குத் திணறியதையும், கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டியதையும், போடுவதா வேண்டாமா என்று கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் நின்றதையும் சொன்னேன். பேக்கரிக்காரர் பப்ஸ் வேண்டுமா என்று நடுவில் இரண்டு தடவை கேட்டார்.

"எனக்குத் தெரியாது வடிவு" என்றார் பூபதி. "சத்தியமாத் தெரியாது."

அழவில்லை. அவருக்கும் எனக்கும் அது பொது இடத்தில் வராது. ஆனால் மேலே வந்து உட்கார்ந்தபோது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

ஜூன் 21

சனிக்கிழமை. இரண்டு பேரும் ஆபீஸ் வந்தோம். ஒரே மேசை. சாட் இல்லை, வாயால் பேசினோம். வராத துண்டு ஒன்று இருந்தாலும் முழு டவுன்லோடும் தோல்வி என்று சொல்லும்படி மாற்றினோம். சரிபார்ப்பைச் சேர்த்தோம். ஒரே நேரத்தில் பன்னிரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மத்தியானம் பூபதி இரண்டு தக்காளி சாதம் வாங்கிவந்தார். என்னுடையதில் ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருந்தார். மறக்கவில்லை.

இரண்டரை மடங்கு. அதற்கு மேல் ஏறவில்லை.

ஜூன் 23

மெர்சி மேடத்திடம் சொன்னோம். சொன்னது பூபதி. "தப்பு ரெண்டு பேரு பக்கமும் இருக்குதுங்க. கண்டுபிடிச்சது வடிவு."

மேடம் நெற்றியைத் தேய்த்தார். "டெமோ முடியற வரைக்கும் அந்த நாலு மடங்கு வேகத்தையே வச்சுக்கலாமா? பூபதி, இது உன் டப்ளின் விஷயம். யோசிச்சுச் சொல்லு."

"வேண்டாங்க மேடம். ஓட்டைன்னு தெரிஞ்சுட்டுக் காட்ட முடியாது."

பூபதி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. டப்ளின் அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் எது முக்கியம் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டியதில் சிக்னலைத் தாண்டிவிட்டேன். போலீஸ்காரர் விட்டுவிட்டார்.

ஜூன் 24

டெமோ. ஒன்றும் உடையவில்லை. ஸ்கேன்காரர்கள் திருப்தி. டப்ளின்காரர்கள் நன்றி சொன்னார்கள். மிக மரியாதையான நன்றி.

ஜூன் 25

டப்ளினுக்குப் புனே டீமிலிருந்து ஒருவர் போகிறார்.

பூபதியின் மேசைக்குப் போய் வருத்தம் தெரிவித்தேன். "அட, விடு. நல்லவேளை பாத்தே" என்று சிரித்தார். முன்பெல்லாம் இப்படிச் சிரிப்பார், கல்யாணத்துக்கு முன்னால், நாங்கள் ஒரே டீமில் இருந்தபோது.

இப்போது எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை, கவுன்சிலர் அம்மாவுக்கு ஆயிரம் கேஸ். அவர் போகாதது எனக்குச் சந்தோஷம். அவர் போகக் கூடாது என்று ஒன்பதாம் தேதியிலிருந்தே இருந்தது. ஸ்கேன் படமும் ஒரு காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. எனக்கு விவாகரத்து வேண்டாம். டிசம்பரிலும் வேண்டாமென்றுதான் இருந்தது.

ஜூன் 26

நாளைக்குக் கட்ட, பச்சைப் புடவைக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூன் 27

பத்தரைக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார்கள். ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் முதலில் கேட்டார்.

"பிரியறதுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"சம்மதம் இல்லைங்க மேடம்."

காஞ்சனா பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார். நான் திரும்பவில்லை. "முன்னாடி சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நான்தானுங்க. ஆனா எனக்கு மனசுல இல்லீங்க. நான் எதையும் சொல்லாம விட்டதுல வந்த பிரச்சினைங்க இது. இப்பப் பேசிக்கறோமுங்க. சேர்ந்து இருக்கணும்னு நினைக்கறேனுங்க."

இவ்வளவையும் நான்தான் சொன்னேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது. பூபதி பக்கம் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பேக்கரியும் தக்காளி சாதமும் அந்தச் சிரிப்பும் இருக்கின்றன, அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஜட்ஜம்மா அவரைப் பார்த்தார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

பூபதி ஓர் அடி முன்னால் வந்தார்.

"எனக்கு வேணுங்க மேடம்" என்றார். "விவாகரத்து வேணுங்க."

ஜட்ஜம்மா பேனாவை மூடினார். "வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. மத்தியானம் கூப்பிடறேன். ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

வராந்தாவில் பெஞ்ச். பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பூபதி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அப்படிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது வடிவு."

"எனக்கும் நீங்க அப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியாது."

"வேற எவளாவதுன்னு நெனக்காத. அப்படி ஒண்ணும் இல்ல."

"நெனக்கலை."

"அந்த வீட்ல ஆறு வருசமும் நான் பரீட்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரியே நின்னேன். எது கேட்டாலும் சரிம்ப. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து, பாஸா ஃபெயிலான்னு கண்டுபுடிக்கறதே வேலை. நான் போன் பண்ணிக் கேட்டுட்டே இருந்தது உனக்குத் தொல்லையா இருந்திருக்கும். எனக்குப் பயம். ராத்திரி தூக்கம் வராது." விரல்களைக் கோத்துக்கொண்டார். "கணபதிக்குப் போன மொத வாரந்தான் காலைல ஏழு மணி வரைக்கும் தூங்குனேன். இப்ப நல்லாத் தூங்கறேன். போன வாரம் நீ எல்லாத்தையும் சொன்னது எனக்குப் பெருசு. அழுதேன், வீட்டுக்குப் போய். ஆனா திரும்ப வர முடியும்னு தோணலை. தோணுச்சுன்னு பொய் சொன்னா மறுபடியும் அதே கதைதான்."

கண்ணுக்குக் கீழே கருவளையம் போனது டப்ளினால் அல்ல.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்."

நான் அங்கே அழுதேன். பொது இடத்தில் வராது என்று எழுதியிருக்கிறேன், வந்தது. புளிசாதக் குடும்பத்து அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பூபதி வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சம்மதிக்காமல் நான் அவரோடு வாழ முடியாது, நான் சம்மதிக்காமல் அவர் போக முடியாது. இழுத்தடிக்கலாம். வருடக்கணக்கில் இழுக்கலாம் என்று காஞ்சனா காதோடு சொன்னார். இவர் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். இதை நல்ல மனுஷிபோல் காட்டிக்கொள்ள எழுதவில்லை. நினைத்தது அதுதான்.

மத்தியானம் கூப்பிட்டார்கள். ஜட்ஜம்மா மறுபடி கேட்டார். சம்மதம் என்றேன். "காலைல வேற சொன்னீங்களேம்மா" என்றார். "காலைல சொன்னது என் ஆசைங்க மேடம். அவரு சொன்னதைக் கேட்டுட்டு இப்பச் சொல்றேனுங்க" என்றேன். அவர் பேனாவைத் திறந்து எழுதினார்.

ஜூன் 30

காலையில் மெர்சி மேடத்திடம் நாங்கள் இருவருமாகப் போய்ச் சொன்னோம். ஒன்றரை வருடமாக மறைத்ததற்கு அவருக்குக் கோபம், அதைவிட வருத்தம். பூபதியை அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"லைப்ரரி வேலை இன்னும் மூணு மாசம் ஓடும். உங்க ரெண்டு பேரையும் விட்டா அதை முடிக்க ஆள் இல்லை. பெரியவங்களா நடந்துக்கறீங்க, எனக்குப் பெருமைதான். அதே மேசைல சேர்ந்து வேலை பாக்கறதுல உனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே வடிவு?"

"பிரச்சினைங்க மேடம்" என்றேன். "என்னால முடியாதுங்க. அவரைத் தினமும் பக்கத்துல பாத்துட்டு உக்கார முடியாது. எனக்கு இன்னும் அவரைப் பிடிச்சிருக்கு."

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். போனை எடுத்து, பதினோரு மணி மீட்டிங்கை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்.